தண்ணீரை நிறுத்திய பாண்டியம்மாள்

நம் விடுதியின் முந்நூற்றுப் பன்னிரண்டு பெண்பிள்ளைகளுக்குக் காப்பாளர் என்ற பதவிப் பெயரோடும் அக்கா என்ற உறவுப் பெயரோடும் வாழ்ந்துவரும், இந்த அவையின் தலைவர், அன்புச் சகோதரி தபஸ்ஸும் அவர்களே. ஒற்றைத் தையல் இயந்திரத்தோடு வேலம்பாளையத்துக்கு வந்து, இன்று ஆயிரம் வீடுகளில் அடுப்பெரியக் காரணமாக விளங்கும் எங்கள் முதலாளி, பெருமதிப்புக்குரிய சனாவுல்லா அவர்களே. வெள்ளகோவிலிலிருந்தும் குன்னத்தூரிலிருந்தும் முதல் பேருந்தைப் பிடித்து, மகளைப் பார்க்கும் ஆவலோடும் மடி நிறையப் பலகாரத்தோடும் வந்து அமர்ந்திருக்கும் தாய்மார்களே. மதுரைக்குத் தெற்கேயிருந்து மண்ணை விட்டு வந்து, திருப்பூரின் நூலோடு நூலாகத் தங்கள் வாழ்வையும் பின்னிக்கொண்ட தோழர்களே. ஒடிசாவிலிருந்து வந்து எங்கள் மொழியையும் எங்கள் குழம்பின் காரத்தையும் ஒருசேரப் பழகிக்கொண்ட தங்கைகளே. இந்த வட்டாரத்துப் பெரியோர்களே. உங்கள் அனைவரின் முன்னும் தலைதாழ்த்தி என் உரையைத் தொடங்குகிறேன்.

பின்வரிசையில் கேட்குதுங்களா? கேட்குதுங்களா கண்ணு? சரிங்க.

என் பெயர் மகுடேஸ்வரன். இந்த நிறுவனத்தின் உற்பத்தி மேலாளர். மேடையில் இருப்பவர்களுக்கு என் முகம் தெரியும். கீழே இருப்பவர்களுக்கு என் குரல் தெரியும். சிரிக்கிறீர்கள். சிரிக்கலாம், இன்று ஞாயிற்றுக்கிழமை.

அழைப்பிதழில் அழகாக அச்சடித்திருக்கிறார்கள். பராமரிப்புப் பிரிவின் பொறுப்பாளர் பாண்டியம்மாள் அவர்களுக்குப் பாராட்டு விழா. பாராட்டிப் பேசுபவர் மகுடேஸ்வரன். அச்சடித்தவருக்கு ஒன்று தெரியாது. ஐந்து ஆண்டுகளாக அந்த அம்மையாரோடு அதிகமாகச் சண்டை போட்ட ஆள் யார் என்று கேட்டால், இந்த அரங்கில் முந்நூறு விரல்களும் என்னைத்தான் காட்டும். அப்படிப்பட்டவன் எதற்காக இங்கே நிற்கிறேன்? அழைத்தார்கள் என்பதற்காக அல்ல. நானே போய்க் கேட்டு வாங்கிய வாய்ப்பு இது. ஏன் கேட்டேன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

பாண்டியம்மாள் மேடையில் இல்லை. நாற்காலி போட்டு வைத்திருந்தோம். "கீழயே இருந்துக்கிருறேன் சார், அங்கன உக்காந்தா எனக்கு வேர்க்கும்" என்று சொல்லிவிட்டு மூன்றாம் வரிசையில் அமர்ந்திருக்கிறார். பச்சைப் புடவை. கையில் மல்லிகைப்பூ கொடுத்தார்கள். அதையும் பக்கத்துப் பிள்ளையின் தலையில் வைத்துவிட்டார்.

அவையோரே, ஒரு கட்டடத்தைப் பார்க்கும்போது நாம் எதைப் பார்க்கிறோம்? வாசலைப் பார்க்கிறோம், வண்ணத்தைப் பார்க்கிறோம், வளைவில் தொங்கும் விளக்கைப் பார்க்கிறோம். அந்தச் சுவருக்குள்ளே ஓடும் குழாயை யார் பார்த்தார்? கூரைக்கு மேலே சுழலும் காற்றாடியை யார் கேட்டார்? மார்கழிக் குளிரில் வாளியில் விழும் வெந்நீர் எந்தக் கொதிகலனில் காய்ந்தது, எந்த வால்வில் திரும்பியது, எந்த வளைவில் ஏறி வந்தது என்று எந்தக் காலையில் நாம் நினைத்தோம்? நாம் நினைக்காத அத்தனையையும் நாள்தோறும் நினைப்பதற்கு ஒருவர் வேண்டும். நம் நிறுவனத்துக்கு வாய்த்தவர் பாண்டியம்மாள்.

முதுகுளத்தூர்ப் பக்கம் ஒரு சிற்றூரில் பிறந்தவர். கணவர் மொக்கைச்சாமியோடு திருப்பூருக்கு வந்து, நம்மிடம் செக்கிங் பிரிவில் சேர்ந்தார். தைத்த பனியனைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, தப்பிய தையலைக் கண்டுபிடிக்கும் வேலை. அப்போது விடுதியில் ஒரு குழாய் ஒழுகினால் வெளியிலிருந்து பிளம்பர் வரவேண்டும். இன்று கூப்பிட்டால் நாளை மறுநாள்தான் வருவார். ஒரு வாரம் ஒழுகிய குழாயைப் பார்த்துப் பொறுக்காமல், இந்த அம்மையார் ஸ்பேனரைக் கையில் எடுத்தார். எடுத்தவர் கீழே வைக்கவில்லை. அரசுத் தொழிற்பயிற்சி நிலையத்தில் குழாய் வேலைக்கும் குளிர்சாதன வேலைக்கும் குறுகிய காலப் பயிற்சி இருந்தது. வகுப்பில் இருபத்தாறு ஆண்கள், ஒரு பாண்டியம்மாள். சான்றிதழோடு வந்து நின்றார். முதலாளி பொறுப்பைக் கொடுத்தார்.

அன்று தொடங்கியது என் தலைவலி.

ஓடுகிற மோட்டாரை நிறுத்தச் சொல்வார். நன்றாக இருக்கும் வடிகட்டியைக் கழற்றுவார். ஒழுகாத குழாயைத் தட்டிப் பார்ப்பார். நான் கேட்பேன்: "ஏனுங்கம்மா, கெட்டுப்போனாச் சரி பண்ணலாம். கெடாததை எதுக்குங்க நோண்டறீங்க?" அவர் கையெழுத்துக்காக ஒரு தாளை நீட்டிக்கொண்டு நிற்பார். இயந்திரத்தை நிறுத்த அனுமதி கேட்கும் தாள். நான் அதை மேசைக்கு உள்ளே தள்ளுவேன். மறுநாள் இன்னொரு தாள் வரும்.

இரண்டு கோடைக்கு முன்பு நடந்ததைச் சொல்கிறேன். நம் தையல் கூடத்துக்கு, நனைந்த பேடுகள் வழியாகக் குளிர்ந்த காற்றை அனுப்பும் பெரிய கூலர் உங்களுக்குத் தெரியும். ஒருநாள் அதன் மோட்டார் மேல் நீளமான ஸ்க்ரூடிரைவரின் நுனியை வைத்து, கைப்பிடியைக் காதில் வைத்துக்கொண்டு கண்ணை மூடி நிற்கிறார் இவர். எனக்குச் சிரிப்பு.

"என்னங்கம்மா, மோட்டார்கூடப் போன் பேசறீங்களா?"

"ஆமா சார். பேரிங்கு உரசுது. அரை நாள் நிறுத்திக் குடுத்தீகன்னா மாத்திப்புடுவேன்."

"சித்திரை மாசத்துல அரை நாளா? அதெல்லாம் ஆகாதுங்க."

ஒன்பதாம் நாள். பிற்பகல் இரண்டு மணி. கூலர் நின்றது. தகரக் கூரை, தணலான வெயில், தவித்துப்போன இருநூறு பேர். ஓவர்லாக் இயந்திரத்தில் அமர்ந்திருந்த ஜோதிகா, தைத்துக்கொண்டிருந்த துணியின் மேலேயே சரிந்து விழுந்தாள். அதோ, நான்காம் வரிசையில் முகத்தை மூடிக்கொள்கிறாளே, அந்தப் பிள்ளைதான். இப்போ நல்லா இருக்கியா கண்ணு? நல்லா இருக்கிறாளாம். அன்று ஆஸ்பத்திரியில் இரண்டு பாட்டில் ஏற்றினார்கள்.

பாண்டியம்மாள் மாற்றுப் பேரிங்கை முன்பே வாங்கி வைத்திருந்தார். ஒரு மணி நேரத்தில் காற்று வந்தது. "பரவாயில்லீங்களே, சீக்கிரம் முடிச்சிட்டீங்க" என்றேன். கையைத் துடைத்துக்கொண்டே என் முகத்தைப் பார்த்துச் சொன்னார்: "அன்னைக்கே நிறுத்தியிருந்தா இந்தப் புள்ள விழுந்திருக்காது சார்." அதோடு நகர்ந்துவிட்டார். அந்தச் சொல்லை அவர் வேறு யாரிடமும் சொல்லவில்லை. முகத்துக்கு நேரே சொல்வார். முதுகுக்குப் பின்னே சொல்லமாட்டார். அவையோரே, இந்தக் குணத்தைக் கொஞ்சம் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

அதன் பிறகாவது நான் திருந்தினேனா? திருந்தவில்லை.

இப்போது விடுதிக்கு வருகிறேன். விடுதி முற்றத்தில் நிலத்தடித் தொட்டி. அங்கிருந்து மோட்டார் மாடித் தொட்டிக்கு ஏற்றும். குடிப்பது, குளிப்பது, சோறாக்குவது, பல் துலக்குவது எல்லாம் அந்த ஒரே தண்ணீர். மாடித் தொட்டியிலிருந்து இறங்கும் பெரிய குழாய்க்கு ஒரு வால்வு உண்டு. முற்றத்தில் ஒரு குழிக்குள், இரும்பு மூடிக்குக் கீழே இருக்கிறது. பாண்டியம்மாள் பொறுப்பேற்றபோது அது துருப்பிடித்து இறுகிக் கிடந்தது. கட்டடம் கட்டிய நாளிலிருந்து யாரும் திருப்பியதில்லை. அவர் மூன்று நாள் எண்ணெய் ஊற்றி, மெல்ல மெல்ல அசைத்து, அதை மூடித் திறக்கும்படி செய்தார். அதன் பிறகு மாதம் தவறாமல் ஒருமுறை மூடுவார், ஒருமுறை திறப்பார். திறந்தே இருக்கவேண்டிய வால்வை எதற்காக மூடித் திறக்க வேண்டும்? நானும் கேட்டேன். கேலியாகத்தான் கேட்டேன்.

இன்னொரு பழக்கம். மாலையில் தொட்டியில் குளோரின் கலப்பார். காலையில் மோட்டார் போடுவதற்கு முன்பு ஒரு சிறு கண்ணாடிக் குழாயில் அந்தத் தண்ணீரை எடுத்து, இரண்டு சொட்டு மருந்து விடுவார். குளோரின் இருந்தால் தண்ணீர் மஞ்சளாகும். ஐந்து ஆண்டுகள், ஒவ்வொரு காலையும், தீபாவளி அன்றும் ரம்ஜான் அன்றும், அந்த மஞ்சளைப் பார்த்த பிறகுதான் மோட்டார் சுவிட்சில் கை வைப்பார்.

போன கார்த்திகை மாதம். அன்று ஏற்றுமதி நாள். மாலை ஐந்து மணிக்குள் பெட்டிகள் லாரியில் ஏறவேண்டும். நான் காலை ஆறு மணிக்கே வந்துவிட்டேன். விடுதியிலிருந்து ஒரே இரைச்சல். குழாயில் தண்ணீர் இல்லை. முந்நூற்றுப் பன்னிரண்டு பிள்ளைகள் வாளியோடு வராந்தாவில் நிற்கிறார்கள். முற்றத்தில் அந்த இரும்பு மூடியின் மேல் பாண்டியம்மாள் சம்மணமிட்டு உட்கார்ந்திருக்கிறார்.

அன்று காலை தண்ணீர் மஞ்சளாகவில்லை. மருந்து கெட்டுப்போயிருக்குமோ என்று புதுக் குப்பியை உடைத்துப் பார்த்தார், ஆகவில்லை. மூன்றாம் முறை பார்த்தார், ஆகவில்லை. கலந்த குளோரினை ஏதோ ஒன்று ராத்திரியோடு தின்று தீர்த்திருக்கிறது. மாடித் தொட்டியிலும் அதே கதை. வால்வை மூடிவிட்டார். மாதாமாதம் திருப்பிய வால்வு அல்லவா, அரை நிமிடத்தில் மூடிக்கொண்டது.

எனக்கு அது எதுவும் காதில் ஏறவில்லை. "எந்திரிங்க. தண்ணியைத் தொறங்க" என்றேன்.

"தொறக்கக் கூடாது சார். தண்ணி சரியில்ல."

"கண்ணாடியாட்டத் தெளிவா இருக்குதுங்க. நாத்தமில்லை, நெறமில்லை. புள்ளைங்க குளிச்சுச் சாப்பிட்டு எட்டு மணிக்கு லைன்ல உக்காரணும். இன்னைக்கு என்ன நாள்னு தெரியுமுங்களா?"

"தெரியும் சார்."

"அப்புறம் என்னங்க? நீங்க எந்திரிக்கறீங்களா, வாட்ச்மேனைக் கூப்பிடட்டுமா?"

அவர் எழுந்தார். ஓர் அடி நகர்ந்து, தொட்டித் தண்ணீர் எடுத்து வைத்திருந்த எவர்சில்வர் டம்ளரைக் கொண்டுவந்து என் முன்னால் நீட்டினார்.

"நீங்க ஒரு வாய் குடிங்க சார். குடிச்சீகன்னா நானே தொறந்து விடுறேன்."

தாய்மார்களே, அந்த டம்ளரை நான் பார்த்தேன். தெளிந்த தண்ணீர். தெளிவாக இருக்கிறது என்று ஒரு நிமிடத்துக்கு முன்பு என் வாயால் நானே சொன்ன தண்ணீர். முந்நூற்றுப் பன்னிரண்டு பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். என் கை நீளவில்லை. என் வாய்க்கு ஆகாத தண்ணீரை, உங்கள் பிள்ளைகளின் வாய்க்குத் திறந்துவிடச் சொன்னேன் நான். இதைவிட நேராக அதைச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

இரைச்சல் கேட்டு முதலாளி வந்தார். இருவரையும் பார்த்தார். டம்ளரைப் பார்த்தார்.

"அம்மா என்னங்க சொல்றாங்க?" என்று என்னிடம் கேட்டார்.

"தண்ணி சரியில்லைங்கறாங்க. ஆனா ஷிப்மென்ட்டுங்க..."

"ஷிப்மென்ட் நாளைக்கும் போகுமுங்க மகுடேஸ்வரன்." பிறகு பாண்டியம்மாள் பக்கம் திரும்பி, "அம்மா, என்ன வேணுமோ செய்யுங்க. உங்களுக்கு யாரும் குறுக்க வரமாட்டாங்க" என்றார்.

கைதட்டுங்கள். அந்தச் சொல்லுக்குக் கைதட்ட வேண்டும்.

டேங்கர் லாரிகள் வந்தன. பிள்ளைகள் குளித்தார்கள், சாப்பிட்டார்கள். பாண்டியம்மாள் இரண்டு ஆட்களோடு தொட்டியைச் சுற்றித் தோண்டத் தொடங்கினார். பத்து மணிக்கு ஓர் ஆள் கூப்பிட்டார். இரண்டடி ஆழத்தில், தொட்டிச் சுவரை ஒட்டிப் போகும் கழிவுநீர்க் குழாய் நெடுகப் பிளந்து கிடந்தது. அதற்கு நேர் எதிரே தொட்டிச் சுவரில் மயிரிழை போல ஒரு கீறல். ஒரு நாற்றமும் வராமல், ஒரு நிறமும் மாறாமல், விடுதியின் கழிவு விடுதியின் குடிநீருக்குள் கசிந்துகொண்டிருந்தது. ஆய்வகத்துக்கு அனுப்பிய தண்ணீரின் முடிவு இரண்டு நாளில் வந்தது. படித்துப் பார்த்த மருத்துவர், இன்னும் இரண்டு நாள் அந்தத் தண்ணீரைக் குடித்திருந்தால் பாதி விடுதி காமாலையோடும் காய்ச்சலோடும் படுத்திருக்கும் என்றார். இரண்டு வாரம் வந்து வந்து பிள்ளைகளைப் பார்த்தார். ஒருவருக்கும் ஒன்றுமில்லை. பொங்கலுக்கு முந்நூற்றுப் பன்னிரண்டு பேரும் தங்கள் காலால் நடந்து பேருந்தேறி ஊருக்குப் போனார்கள். ஒரு நாள் பிந்திப் போன பெட்டிகளை வாங்குபவர் முணுமுணுத்தபடியே வாங்கிக்கொண்டார். வானம் இடிந்து விழவில்லை.

வேலையெல்லாம் முடிந்து, குழாய் புதிதாக மாற்றி, தொட்டியைக் கழுவி, சுவரைப் பூசி, மறுபடி தண்ணீர் திறந்த அன்று நான் அவரிடம் கேட்டேன்: "எப்படிங்கம்மா உங்களுக்குத் தெரிஞ்சுது?"

"தெரியாது சார். தெரிஞ்சா எதுக்குத் தெனமும் பாக்கணும்? தெரியாததுனாலதான பாக்குறேன்."

எத்தனை பெரிய அறிவாளிகளின் உரையை இதே மேடையில் கேட்டிருக்கிறோம். எத்தனை பயிற்சி வகுப்புகளில் குறிப்பெடுத்திருக்கிறோம். என் இருபத்தாறு ஆண்டுத் தொழிலில் இவ்வளவு எளிய, இவ்வளவு ஆழமான சொல்லை நான் கேட்டதில்லை. ஆயிரத்து எண்ணூறு காலைகளில் மஞ்சள் வந்தது. வந்ததே என்று சலித்தாரா? சோம்பினாரா? ஒரு நாள் விட்டால் என்ன என்று நினைத்தாரா? ஆயிரத்து எண்ணூறு நாள் வீணாகப் பார்த்தது போலத் தோன்றியது எல்லாம், மஞ்சள் வராத அந்த ஒரு காலைக்காகத்தான் என்றால், அதற்குப் பெயர் வேலையா? நான் அதை அன்பு என்பேன். கையில் ஸ்பேனரோடும் காதில் ஸ்க்ரூடிரைவரோடும் நடமாடுகிற அன்பு.

இப்போது, நான் ஏன் இந்த மேடையைக் கேட்டு வாங்கினேன் என்று சொல்லவேண்டும்.

குழாய் பிளந்திருந்தது என்றேன். எப்படிப் பிளந்தது? அதை இதுவரை யாரும் கேட்கவில்லை. பழைய குழாய், வயதாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டோம். பழைய குழாய் அல்ல. தொட்டியை ஒட்டிய அந்தப் பாதையில் வண்டி வரக்கூடாது என்று பாண்டியம்மாள் நான்கு கல் நட்டு, சிவப்புக் கயிறு கட்டி வைத்திருந்தார். தண்ணீரை நிறுத்திய நாளுக்கு இரண்டு நாள் முன்பு துணி ஏற்றிய லாரி வந்தது. முன்வாசலில் நெரிசல். கயிற்றை அவிழ்த்து, கல்லைப் பிடுங்கி, விடுதி முற்றம் வழியாகப் பின்வாசலுக்கு எடுத்து வரச் சொன்னேன். ஆமாங்க. சொன்னவன் நான்தான்.

முதலாளி அவர்களே, உங்களிடம் இதை இந்த மேடையில்தான் முதன்முதலாகச் சொல்கிறேன். நாலு மாதமாகச் சொல்லத் துணிச்சல் வரவில்லை.

தோண்டிய அன்று நீங்கள் குழிக்கு மேலே நின்று, "எப்படிங்கம்மா ஒடைஞ்சுது?" என்று கேட்டீர்கள். குழியின் ஓரத்தில் டயர்த் தடம் அச்சுப் பதித்தாற்போல் கிடந்தது. பிடுங்கிய கற்கள் சுவரோரம் கிடந்தன. பாண்டியம்மாள் தடத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். உங்களிடம், "மண்ணு அமுங்கிருக்கு சார்" என்று மட்டும் சொன்னார். அதற்கு மேல் ஒரே ஒரு சொல் சொல்லியிருந்தால் நான் இன்று இந்த மேடையில் இருந்திருக்கமாட்டேன். சொல்லவில்லை. மாலையில் நான் தனியாகப் போய் நின்றபோது என் முகத்துக்கு நேரே சொன்னார்: "கல்லத் திரும்ப நட்டுட்டேன் சார். இனிமே புடுங்காதீக." அவ்வளவுதான்.

பாண்டியம்மாள் அவர்களே, அம்மா, இந்த அவை அறிய, உங்கள் கண் பார்க்க, கைகூப்பிக் கேட்கிறேன். என்னை மன்னியுங்கள்.

முதலாளி ஏதோ சொல்கிறார்... "அதை அப்புறம் பேசிக்கலாமுங்க. மொதல்ல அம்மாவுக்கு என்ன வேணும்னு கேளுங்க" என்கிறார்.

கேட்கிறேன். அம்மா, உங்களுக்கு என்ன செய்யவேண்டும்? எழுந்து சொல்லுங்கள். ஒலிவாங்கியை அவர்களிடம் கொடுங்கள். வேண்டாமா? சத்தமாகவே சொல்லுங்கள் அம்மா.

அவையோரே, பின்வரிசைக்குக் கேட்டிருக்காது. அவர் சொன்னதை அப்படியே சொல்கிறேன். "மன்னிப்பெல்லாம் எதுக்கு சார். தையல் கூடத்துக் கூலரு பேடு பூராம் போர்த் தண்ணி உப்பு ஏறிக் கெடக்கு. வெயில் வந்துருச்சு. ஒரு நாளு நிறுத்தச் சொல்லி எழுதிக் குடுத்து மூணு வாரமாச்சு. தாளு ஒங்க மேசையிலதான் கெடக்கு."

சிரியுங்கள், நன்றாகச் சிரியுங்கள். நானும் சிரிக்கிறேன்.

அம்மா, நாளை திங்கட்கிழமை. காலை எட்டு மணிக்கு அத்தனை லைனும் நிற்கும். தாளில் கையெழுத்து இந்த மேடையை விட்டு இறங்கியதும் போடுகிறேன். பேடுகளைக் கழற்றி இறக்க உங்களுக்கு ஆள் வேண்டும். ஓர் ஆள் நான்.

என் குற்றத்தைப் பொறுமையோடு கேட்ட பெரியோர்களுக்கும், பேச இடம் தந்த தலைவர் தபஸ்ஸும் அவர்களுக்கும், இப்படியொரு பெண்மணியிடம் தங்கள் பிள்ளைகளை ஒப்படைத்திருக்கும் தாய்மார்களுக்கும் என் நெஞ்சம் நிறைந்த நன்றி. பாண்டியம்மாளுக்கு என் வணக்கம். உங்கள் எல்லோருக்கும் வணக்கம்.